லேப்டாப்பில் ஒரு விடை, கோலாப்பில் வேறு விடை: கோளாறை எங்கே தேடுவது?

பைத்தானில் எழுதிய ஒரே சிமுலேஷன் உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு விடையும் கூகுள் கோலாப்பில் (பிரவுசரிலேயே பைத்தான் ஓட்ட உதவும் இணையச் சேவை) வேறு விடையும் தருகிறதா? கோடில் உடனே கை வைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

1. பைத்தான், நம்பை (எண் கணக்குகளுக்கான பைத்தான் பேக்கேஜ்) வெர்ஷன்களை இரண்டு இடத்திலும் அச்சிட்டு ஒப்பிடுங்கள். கோலாப் தன் பேக்கேஜ்களை அவ்வப்போது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்போ நீங்கள் நிறுவியபடியே இருக்கும்.

2. அப்புறம் சீட், அதாவது ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண். இரு பக்கமும் 42 என்றே கொடுத்தாலும் போதாது. நம்பையின் பழைய சீட் முறை மெர்சென் ட்விஸ்டர் என்ற அல்காரிதத்தில் ஓடுகிறது; புதிய டிஃபால்ட் ஆர்என்ஜி (default_rng) பிசிஜி64 என்ற வேறு அல்காரிதத்தில் ஓடுகிறது. எண்கள் வேறு வேறாகத்தான் வரும். இரண்டு இடத்திலும் ஒரே முறையைப் பயன்படுத்துங்கள்.

3. பலரும் கவனிக்காத இடம் இதுதான். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-க்கு முன்புவரை, விண்டோஸில் முழு எண்ணுக்கு இயல்பாக 32 பிட்தான் கிடைத்தது. கோலாப் ஓடுவது லினக்ஸில். அங்கே 64 பிட். சோதித்துப் பார்க்க, 50000 என்ற ஒரே எண்ணை வைத்து ஒரு நம்பை அரே (எண் பட்டியல்) உருவாக்கி அதை வர்க்கப்படுத்துங்கள். கோலாப் 2500000000 என்று சரியாகச் சொல்லும். பழைய நம்பை உள்ள விண்டோஸில் -1794967296 என்று வரும். 32 பிட்டில் 2147483647-க்கு மேல் இடம் கிடையாது. அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். எச்சரிக்கைகூட வராது, அதுதான் கொடுமை. அரே உருவாக்கும்போதே இன்ட்64 (int64, 64 பிட் முழு எண்) என்று குறிப்பிட்டால் தீர்ந்தது.

4. கடைசி தசம இடங்களில் மட்டும் வித்தியாசமா? அது பிழையல்ல. கூட்டும் வரிசை மாறினாலே அப்படி வரும். 0.1, 0.2, 0.3 ஆகியவற்றை இடமிருந்து கூட்டினால் 0.6000000000000001, பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6. சமமா என்று கேட்காமல் ஆல்குளோஸ் (allclose, மிகச் சிறிய வித்தியாசத்தைப் பொருட்படுத்தாத நம்பை ஃபங்ஷன்) வைத்து ஒப்பிடுங்கள்.

5. இன்னும் பிடிபடவில்லையா? ஒவ்வொரு படியின் மதிப்பையும் இரு பக்கமும் கோப்பில் எழுதி, எந்தப் படியில் முதலில் பிரிகிறது என்று பாருங்கள். முதல் படியிலேயே பிரிந்தால் சீட் அல்லது உள்ளீட்டுக் கோப்பைச் சந்தேகப்படுங்கள். நடுவில் திடீரென்று மைனஸ் எண் வந்தால் 32 பிட். வெகுநேரம் ஒத்துப்போய், அப்புறம் மெல்ல மெல்ல விலகினால் தசம வித்தியாசம்தான் பெருகுகிறது. அப்போது ஒரே ஓட்டத்தை நம்பாமல், பல சீட்களில் ஓட்டிச் சராசரிகளை ஒப்பிடுங்கள்.