பழைய கியர் சைக்கிளை சிங்கிள் ஸ்பீடா மாத்துறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

வீட்ல தூசி படிஞ்சு நிக்குற கியர் சைக்கிள்ல இருந்து எல்லாத்தையும் கழட்டிட்டு முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி ஒண்ணுன்னு மாட்டுனா வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. முடியாதுங்க. செயின் கொஞ்சம் தொய்வா இருந்தாலும் சாய்ஞ்சு ஓடுனாலும் டீரெய்லர்ல (கியர் மாத்த செயினை நகர்த்துற பார்ட்) இருக்குற ஸ்பிரிங் இவ்ளோ நாள் சமாளிச்சிட்டு இருந்துச்சு, அதை எடுத்துட்டா அந்த வேலைய நாமதான் அளந்து செய்யணும்.

அதனால ஒரு பார்ட்டும் வாங்குறதுக்கு முன்னாடி ஃப்ரேம்ல பின் ஆக்ஸில் உக்கார்ற வெட்டைப் பாருங்க. நம்ம ஊர் கருப்பு சைக்கிள் மாதிரி வெட்டு படுத்தாப்ல இருந்தா வீலை பின்னாடி இழுத்து நட்டை முறுக்குனா செயின் டைட் ஆயிடும். வெட்டு செங்குத்தா மேல ஏறுச்சுன்னா வீல் நகரவே நகராது, செயினை இறுக்கி வெக்குற செயின் டென்ஷனர் தனியா வாங்கியே ஆகணும். சில பேர் கண்ணியை ஒண்ணொண்ணா கழட்டி எப்படியோ சரியா உக்கார வெச்சிடுவாங்க, ஆனா செயின் தேய்ஞ்சு நீளுறப்போ இறுக்க வழியே இருக்காது, அப்புறம் மேடு ஏறி அழுத்தும்போது கழண்டு விழும்.

அடுத்தது செயின் நேரா ஓடுறது, இதுலதான் முக்காவாசி பேர் கோட்டை விடுறாங்க. முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டுல இருக்கணும், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவால்ல, அதுக்கு மேல போனா கரகரன்னு சத்தம், பல் சீக்கிரம் தேயும். நீளமான இரும்பு ஸ்கேலை முன் பல்சக்கரத்தோட ஒட்டி வெச்சு பின்னாடி எங்க போய் நிக்குதுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். கேசட் (பல்சக்கரங்களை அடுக்கா சொருகுற டைப்) போடுற வீலா இருந்தா கவலையே வேணாம், ஸ்பேசரை (இடைவெளிக்குப் போடுற வளையம்) மாத்தி மாத்தி போட்டு பல்சக்கரத்தை உள்ள வெளிய தள்ளிக்கலாம், பிவிசி பைப்பை அளவா அறுத்துக்கூட போடுறாங்க. முன்னாடி இருக்குற ரெண்டு பல்சக்கரத்துல ஒண்ணை எடுத்துட்டீங்கன்னா பழைய போல்ட் நீளமா நிக்கும், எவ்ளோ முறுக்குனாலும் இறுகாது, சின்ன போல்ட் வாங்குங்க.

செயின்லயும் ரெண்டு அகலம் இருக்கு. சிங்கிள் ஸ்பீடுக்குன்னு வர்றது 1/8 இன்ச், கியர் சைக்கிளுக்கு 3/32. அகலமான செயின் மெல்லிசு பல்லுல ஓடும், மெல்லிசு செயின் தடிமன் பல்லுல உக்காராது. மாட்டும்போது கம்பி மாதிரி விறைப்பா இழுத்து வெக்காதீங்க, பேரிங் போயிடும். பெடலை மெதுவா சுத்துங்க, எந்த பல்சக்கரமும் துல்லியமா வட்டமா இருக்காது, அதனால எந்த இடத்துல ரொம்ப இறுகுதோ அங்க செயின் நடுவுல அரை இன்ச் மேல கீழ ஆடுற மாதிரி வெச்சா போதும்.

பல் கணக்குல ஆசைப்படக்கூடாது. வேகமா போகலாம்னு 48க்கு 14 (முன்னாடி 48 பல், பின்னாடி 14 பல்) போட்டுட்டு மேம்பாலத்துல முட்டி வலியோட தள்ளிட்டு போறவங்களை பாத்திருக்கேன். 42க்கு 16 போட்டா 700சி வீல்ல (ரோடு சைக்கிள்ல வர்ற வீல் அளவு) பெடல் ஒரு சுத்துக்கு சுமார் அஞ்சரை மீட்டர், நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிச்சா 26 கிலோமீட்டர் வேகம் வந்துடும், சிட்டிக்கு அது தாராளம். மேடு ஜாஸ்தி உள்ள ஊர்னா பின்னாடி 18 போடுங்க.

டயர் வாங்கும்போது வெறும் 26ன்னு கேக்காதீங்க. 26 x 1 3/8 டயருக்கு ரிம் அளவு 590 மிமீ, எம்டிபி (மவுன்டன் பைக்) 26க்கு 559, ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது. டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்குற நம்பரை படிச்சுட்டு போங்க.

பிரேக் விஷயத்துல மட்டும் கெஞ்சி கேக்குறேன், அழகுக்காக கழட்டாதீங்க. ஃப்ரீவீல் (மிதிக்காம விட்டாலும் வீல் ஓடுற அமைப்பு) போட்ட சைக்கிள்ல பின்னாடி மிதிச்சு நிறுத்த முடியாது, முன் பிரேக் பின் பிரேக் ரெண்டும் இருக்கணும், பழைய கட்டையும் கேபிளும் இருந்தா அதையும் மாத்திடுங்க.

முதல் ரைடு பக்கத்து தெருவோட முடிச்சிட்டு வந்து பின் நட்டையும் கிராங்க் (பெடல் மாட்டுற கை) போல்ட்டையும் மறுபடி ஒரு தடவை இறுக்குங்க, புதுசா மாட்டுனது கொஞ்சம் ஓடி செட் ஆனதும் தளரும். பின் நட்டுக்கு பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பேனர் தான், பையில ஒண்ணு போட்டுக்குங்க, அது இல்லாம வழியில பஞ்சர் ஆச்சுன்னா வீலையே கழட்ட முடியாது.