உற்பத்தி முறைக்கு ஏற்பச் சரக்கிருப்பைத் திட்டமிடுவது எப்படி?

ஒரு தொழிற்சாலையில் சரக்கு அளவுக்கு மீறித் தேங்கும்போது நிர்வாகம் பெரும்பாலும் ஸ்டோரைத்தான் முதலில் கேள்வி கேட்கிறது. இருப்பைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். ஸ்டோர் பொறுப்பாளர் எதை எளிதில் குறைக்க முடியுமோ அதைக் குறைப்பார். சில வாரங்களில் ஒரு சிறிய வாஷர் இல்லாமல் இயந்திரம் நிற்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி கூடுதலாக வாங்கி வைப்பார்கள். எவ்வளவு சரக்கு தேவை என்பதைப் பொருள் உருவாகும் முறையே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே திட்டமிடுதலை உற்பத்திக் கூடத்திலிருந்து தொடங்குவதே சரி.

முதலில் உங்கள் உற்பத்தி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நேர்மையாக வரையறுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் வரைபடத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் செய்யும் ஆர்டர் உற்பத்தியில் முடிவுற்ற பொருளை இருப்பு வைப்பதற்கு இடமே இல்லை. பல ஆர்டர்களுக்குப் பொதுவான மூலப்பொருளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே வரிசையில் ஒரே பொருள் ஓடும் தொடர் உற்பத்தியில் இடைநிலைச் சரக்கு, அதாவது பாதி வேலை முடிந்து அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்கும் சரக்கு, குறைவாக இருக்கும்; ஆனால் ஒரு பொருள் தீர்ந்தாலும் வரிசை முழுவதும் நின்றுவிடுமாதலால் வரத்து தவறாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரே இயந்திரத்தில் பல பொருள்களை மாற்றி மாற்றிச் செய்யும் தொகுதி உற்பத்தியில்தான் சரக்கு மிக அதிகமாகத் தேங்குகிறது. பெரும்பாலான சிறு, நடுத்தர நிறுவனங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தொகுதியின் அளவை, அதாவது ஒரு பொருளை ஒரே ஓட்டத்தில் எத்தனை செய்வது என்பதை, எப்படி முடிவு செய்வது? 1913-இல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற பொறியாளர் இதற்கு ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். ஆண்டுத் தேவையை ஒரு முறை செட்டிங் செய்ய (இயந்திரத்தை அடுத்த பொருளுக்கு மாற்றி அமைக்க) ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டித்து, ஓர் அலகை ஓராண்டு இருப்பில் வைக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சிக்கனமான தொகுதி அளவு கிடைக்கும். வெளியிலிருந்து வாங்கும் பொருளானால் செட்டிங் செலவுக்குப் பதிலாக ஓர் ஆர்டருக்கு ஆகும் செலவைப் போட வேண்டும். வர்க்கமூலம் இருப்பதால், தேவை நான்கு மடங்கானாலும் தொகுதி இரண்டு மடங்குதான் ஆக வேண்டும். விற்பனை கூடும் விகிதத்திலேயே தொகுதியையும் கூட்டிக்கொண்டே போகும் நிறுவனங்கள் தவறுவது இங்கேதான்.

எனினும் இந்தச் சூத்திரம் செட்டிங் செலவை மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. அதைக் குறைக்க முடியும் என்பதைப் பின்னாளில் டொயோட்டா நிறுவனம் செய்து காட்டியது. அங்கே 1,000 டன் அழுத்த இயந்திரம் ஒன்றில் அச்சை (உலோகத்துக்கு வடிவம் தரும் டையை) மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஷிகெயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளரின் வழிகாட்டலில் 1969-இல் அது முதலில் 90 நிமிடமாகவும், பின்னர் 3 நிமிடமாகவும் குறைந்தது. அவர் கையாண்ட வழியை யாரும் பின்பற்றலாம். இயந்திரம் நின்ற பிறகே செய்யக்கூடிய வேலைகளையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடக்கூடிய வேலைகளையும் பிரித்து எழுதுங்கள். அடுத்த அச்சைத் தேடி எடுத்து வருவது, ஸ்பேனர் தேடுவது, போல்ட்டின் நீளம் பொருந்துகிறதா என்று பார்ப்பது ஆகிய யாவும் இரண்டாம் வகை. இவை முன்கூட்டியே முடிந்திருந்தால் பெரும் பகுதி நேரம் மிச்சமாகும்.

அதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். ஓர் இயந்திரத்தில் மூன்று உறுப்புகள் தயாராகின்றன. வாரத்துக்கு ஒவ்வொன்றிலும் 1,000 வேண்டும். மணிக்கு 200 செய்ய முடியும். வாரத்துக்கு 6 நாள், 48 மணி நேர வேலை. ஓட்டத்துக்கு மட்டும் 15 மணி நேரம் போகும். செட்டிங்குக்கு 4 மணி நேரம் ஆகுமானால், ஒவ்வோர் உறுப்பையும் வாரம் இரு முறை 500 வீதம் செய்வதற்கே செட்டிங்கில் 24 மணி நேரம் கழிந்துவிடும். செட்டிங்கை அரை மணி நேரமாகக் குறைத்தால் மூன்றையும் தினமும் செய்யலாம்; 18 செட்டிங்குக்கு 9 மணி நேரமே ஆகும். தொகுதி 500-இலிருந்து 167-க்கு இறங்குகிறது. சராசரி இருப்பு தொகுதியில் பாதி என்பதால் அதுவும் மூன்றில் ஒரு பங்காகிறது. இயந்திரத்தில் 15 மணி நேரம் கூடுதலாகவும் மிஞ்சுகிறது. அதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு: அளவு பிசகிய உறுப்பு அடுத்த பிரிவில் கண்டுபிடிக்கப்படும்போது கழிக்க வேண்டியவை 500-க்குப் பதிலாக 167-ஆக இருக்கும்.

பிரிவுகளுக்கு இடையே நிற்கும் இடைநிலைச் சரக்கை அளக்க ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி போதும்: உள்ளே இருக்கும் எண்ணிக்கையை ஒரு நாள் வெளியீட்டால் வகுத்தால் ஒரு பொருள் உள்ளே கழிக்கும் நாள்கள் கிடைக்கும். கூடத்தில் 600 இருந்து, நாளொன்றுக்கு 60 வெளியே போனால், இன்று நுழையும் பொருள் சராசரியாகப் பத்து நாள் கழித்தே வெளிவரும். அதன் மீது உண்மையில் வேலை நடப்பது சில மணி நேரமாக இருக்கலாம். வெளியீடு குறையாமல் உள்ளே இருப்பதை 300-ஆகக் குறைத்தால் அது ஐந்து நாளாகிவிடும். ஆகவே இரண்டு இயந்திரங்களுக்கு இடையே எத்தனை பெட்டிகள் நிற்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வையுங்கள். அந்த இடம் நிரம்பிவிட்டால் முந்தைய இயந்திரம் நிற்க வேண்டும். இயந்திரத்தைச் சும்மா நிறுத்த மனம் வராது என்பதை அறிவேன். ஆனாலும் அடுத்த பிரிவு எடுக்க முடியாததைச் செய்து குவிப்பது உற்பத்தி ஆகாது.

இனி, வாங்கும் பொருள்களுக்கு வருவோம். எல்லாப் பொருள்களையும் ஒரே கவனத்தோடு பார்க்க யாராலும் இயலாது. ஆண்டுப் பயன்பாட்டை விலையால் பெருக்கி, அந்த மதிப்பின் வரிசையில் ஏ, பி, சி என்று பிரியுங்கள். மேலே வரும் சில பொருள்களே பெரும்பான்மைப் பணத்தை விழுங்குவதைக் காண்பீர்கள். திருகு, வாஷர் போன்ற சி வகைக்கு இரட்டைப் பெட்டி முறையே போதும்: ஒரு பெட்டி காலியானதும் ஆர்டர், அது வரும்வரை இரண்டாம் பெட்டி. ஏ வகைக்கு மறு ஆர்டர் நிலையை, அதாவது இருப்பு எந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் கொடுப்பது என்பதை, கணக்கிட்டே வைக்க வேண்டும். நாளொன்றுக்கு 40 செலவாகி, சரக்கு வந்து சேர 12 நாள் ஆகுமானால் 480 இருக்கும்போது ஆர்டர் கொடுக்கலாம் என்று தோன்றும். பயன்பாடு 55 வரையிலும் சரக்கு வந்து சேரும் காலம் 16 நாள் வரையிலும் போவதுண்டு என்றால் 880 தேவைப்படும். இடையிலுள்ள 400தான் பாதுகாப்பு இருப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அரிது என்பதால், நின்றால் உற்பத்தியையே முடக்கிவிடும் பொருள்களுக்கு மட்டும் இவ்வளவு தாராளம் காட்டினால் போதும். இருப்பைப் பார்க்கும்போது அலமாரியில் உள்ளதோடு வந்துகொண்டிருக்கும் ஆர்டரைச் சேர்த்து, வேறு வேலைக்கு ஒதுக்கியதைக் கழித்துப் பார்க்க வேண்டும். இதை மறந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு ஆர்டர் போய்விடும்.

பாதுகாப்பு இருப்பே வேண்டாம், தேவைப்படும் நேரத்தில் வந்தால் போதும் என்போர் 1997 பிப்ரவரியில் நடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். டொயோட்டாவின் பிரேக் அமைப்புக்கு ஒரு சிறிய வால்வைச் செய்துதந்த ஐசின் ஆலை தீப்பிடித்தது. கையிருப்பு மிகக் குறைவாக இருந்ததால் ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி சில நாள் ஏறக்குறைய முழுவதும் நின்றது. பிற நிறுவனங்கள் விரைந்து அந்த வால்வைச் செய்துகொடுத்ததாலேயே ஆலைகள் மீண்டன. ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் வரும் பொருள்களைத் தனிப் பட்டியலாக எழுதி, அவை எவ்வளவு மலிவானவையானாலும் அவற்றுக்குக் கூடுதல் இருப்போ, இரண்டாவது வழங்குநரோ ஏற்பாடு செய்யுங்கள்.

இவ்வளவு கணக்கும் பதிவேடு சரியாக இருந்தால்தான் பயன் தரும். பதிவேடு ஏன் தவறுகிறது என்று தேடினால் பெரும்பாலும் திருட்டைவிடச் சாதாரணமான காரணங்களே கிடைக்கின்றன: போல்ட் கிலோ கணக்கில் வந்து எண்ணிக்கையில் வெளியே போகிறது, கழிக்கப்பட்ட உறுப்புக்குப் பதிலாக எடுத்ததை யாரும் எழுதுவதில்லை, இரவு ஷிப்டில் சீட்டு இல்லாமல் எடுத்தது காலையில் மறந்துபோகிறது. ஆண்டுக்கொரு முறை கதவை மூடி எண்ணுவதைவிட, ஏ வகையை மாதந்தோறும், பி வகையைக் காலாண்டுக்கு ஒரு முறை, சி வகையை ஆண்டுக்கு ஒரு முறை என்று தினம் கொஞ்சமாக எண்ணி வருவது மேல். வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்துவதோடு நிற்காமல், அது எந்தச் சீட்டில் தொடங்கியது என்று அன்றே தேட வேண்டும். மாதத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது. பதிவேடு இந்த நிலைக்கு வந்த பிறகே மென்பொருள் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

நீண்ட நாள் அசையாமல் கிடக்கும் சரக்குக்கும் ஒரு முடிவு வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2-இன்படி சரக்கை அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை ஆகிய இரண்டில் குறைவானதில்தான் காட்ட வேண்டும் என்பதால், விற்காத பொருளை முழு விலையில் ஏட்டில் வைத்திருப்பது பிரச்சினையைத் தள்ளிப்போடுவதே ஆகும். வரைபடம் மாறும்போது பழைய உறுப்பு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று வடிவமைப்புப் பிரிவு ஸ்டோரைக் கேட்ட பிறகே மாற்றத்தின் தேதியைக் குறிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பாதுகாப்பு காரணமாக உடனே மாற்றியாக வேண்டியவை தவிர, மற்ற மாற்றங்களைப் பழைய இருப்பு தீரும் தேதியிலிருந்து நடைமுறைப்படுத்தலாம்.