இதயம், சுகர் பராமரிப்புத் திட்டத்தில் சேரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. எடை, சுகர், கொழுப்பு, இதயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திட்டம் என்று தேடிப் போகிறவர்கள், முன்பு பார்த்த அதே தவறுகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். போலி டாக்டர், அதிசயப் பொடி பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை, அது உங்களுக்கே தெரியும்.

மருந்தளவை யார் மாற்றுவார் என்று கேட்காமல் சேருவது

கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டு வந்த ஒரு அம்மாவுக்கு, திட்டத்தில் சேர்ந்த முதல் வாரமே மாவுச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிட்டார்கள், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே ஓடியது. விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, மகள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார். மீட்டரில் சுகர் 46தான். உணவுப் பட்டியல் கொடுத்தவர் "மருந்து எங்கள் பொறுப்பில்லை" என்றார், டாக்டருக்கோ சாப்பாடு மாறியதே தெரியாது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் ஒரு போன் செய்திருந்தால் இது நடந்தே இருக்காது.

நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். ஊசி இன்சுலினும் அப்படித்தான், சாப்பாடு குறைந்தாலும் அது வேலை செய்யும். டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை வேறு மாதிரி: பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தாலோ, மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலேயே உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு லோ சுகரில் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

அதனால் சேரும் முன் கேளுங்கள்: முதல் வாரம் என் சுகர் கணக்கை தினமும் பார்ப்பது யார்? 70-க்குக் கீழே போனால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது? என் டாக்டரிடம் பேசுவீர்களா? மழுப்பினால் வேண்டாம்.

"மருந்தே வேண்டாம்" என்பதை நம்புவது

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். டைப் 1 சர்க்கரை நோய் இருப்பவர் இன்சுலினை நிறுத்தவே கூடாது.

பரிசோதிக்காமல் ஓட வைக்கும் இடம்

ஏற்கெனவே இதய நோய் இருந்தால், இதயத்தைப் பரிசோதிக்காமலேயே ஓட வைக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

எடையை மட்டும் பார்ப்பது

பிபி, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), சிறுநீரகச் சோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் சோதனை), இவையும் வேண்டும். அப்புறம் கண். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சுகர் வேகமாக இறங்கும்போது அது கொஞ்ச காலம் மோசமாகலாம், அதனால் கண் சோதனையைச் சேருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.