டைமண்ட் டி 969 ரெக்கவரி லாரி: போட்டோவிலிருந்து 1:35 மாடல் வரை

ராணுவ மாடல் என்றால் எல்லாரும் டாங்கிதான் செய்கிறார்கள். அந்த டாங்கி பள்ளத்தில் இறங்கினால் இழுத்து மேலே கொண்டுவருகிற லாரியை யாரும் கண்டுகொள்வதில்லை. தை, மாசியில் மன்னார்குடி பக்கம் ஈர வயலில் அறுவடை மெஷின் புதைந்து, தென்னை மரத்தில் கம்பிக்கயிறு கட்டி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த லாரியின் அருமை உடனே புரியும். அதே வேலைதான், அதே கப்பி, அதே கயிறு.

கட்டர் பிடிக்கவும், பிளாஸ்டிக் ஷீட்டில் கோடு போட்டு ஒடிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த வண்டி?

நான் எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க டைமண்ட் டி 969. நான்கு டன் வகுப்பு, ஆறு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. 529 கன அங்குல ஹெர்குலிஸ் ஆர்.எக்ஸ்.சி. பெட்ரோல் எஞ்சின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால்தான் பானெட் அவ்வளவு நீளம். பின்னால் இருப்பது ஹோம்ஸ் டபிள்யூ-45 கிரேன். எர்னஸ்ட் ஹோம்ஸ் அமெரிக்காவின் சட்டநூகா ஊர்க்காரர். பழுதான வண்டியைத் தூக்கும் லாரியை 1916-இல் உருவாக்கியவர் அவர்தான். அந்த ஊரில் இழுவை வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இந்த வண்டிக்கு 1:35-இல், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவில், மிரர் மாடல்ஸ் நிறுவனத்தின் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) வந்திருக்கிறது. கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். கிட் இருந்தாலும் கீழே சொல்லும் ஆராய்ச்சி தேவைப்படும்.

முதல் வேலை: ஒரே ஒரு போட்டோ

'டைமண்ட் டி 969 செய்யப்போகிறேன்' என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு போட்டோவைப் பிடித்து, அதில் இருக்கும் அந்த ஒரு வண்டியை, அது அன்றைக்கு இருந்தபடி செய்யுங்கள். ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு மூடிய கேபின், பிறகு வந்தவற்றுக்குக் கித்தான் மேல்மூடியுடன் திறந்த கேபின். பட்டறைக்காரர்கள் பெட்டி வைத்திருப்பார்கள், கொக்கி மாற்றியிருப்பார்கள். பத்து போட்டோவைக் கலந்து செய்தால் எங்குமே ஓடாத ஒரு வண்டிதான் வரும். என்னைக் கேட்டால், மாடலின் துல்லியம் முக்கால்வாசி இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அளவுக்கு 1943-இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட டி.எம். 9-2800 கையேட்டைத் தேடி எடுங்கள். அரசு வெளியீடு என்பதால் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மற்ற தளங்களில் யாரோ போட்டிருக்கும் வரைபடங்களை நான் நம்புவதில்லை. பல வரைபடங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்தவை.

போட்டோவிலிருந்து அளவு எடுப்பது

புதிதாக வருபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். நானும் அதிக நாள் நின்றது இங்கேதான்.

இந்த லாரியின் வீல்பேஸ் 151 அங்குலம், அதாவது 3,835 மி.மீ. ஆறு சக்கர வண்டியில் இதை முன் அச்சிலிருந்து பின் இரண்டு அச்சுகளுக்கும் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். 35-ஆல் வகுத்தால் மாடலில் 109.6 மி.மீ. இப்போது பக்கவாட்டுப் போட்டோவை கம்ப்யூட்டரில் திறந்து அதே தூரத்தை பிக்சலில் அளங்கள். 604 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு 6.35 மி.மீ. ஆகிறது. கருவிப்பெட்டி 96 பிக்சல் நீளம் என்றால் நிஜத்தில் சுமார் 610 மி.மீ., மாடலில் 17.4 மி.மீ.

சரி, அந்தப் போட்டோ நேர் பக்கவாட்டில் எடுத்ததுதானா என்று எப்படித் தெரியும்? சக்கரத்தைப் பாருங்கள். ரிம்மின் உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியாக அளங்கள். உயரம் 92, அகலம் 85 என்றால் கேமரா கொஞ்சம் சாய்வாக நின்றிருக்கிறது. 85-ஐ 92-ஆல் வகுத்தால் 0.92. கிடைமட்ட அளவுகளை இந்த 0.92-ஆல் வகுத்தால் ஓரளவு சரியாகும். அந்த விகிதம் 0.9-க்கும் கீழே போனால் அந்தப் போட்டோவை விவரம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அளவு எடுக்க வேண்டாம்.

டயரின் வெளிவட்டத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள். பாரம் ஏறினால் டயர் கீழே அமுங்கும், தேய்ந்தாலும் சிறுக்கும். ரிம் மாறாது. ஆனால் ரிம்மிலும் ஒரு சிக்கல். இந்த லாரிக்கு 9.00-20 டயர். அந்த 20 அங்குலம் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். போட்டோவில் நம் கண்ணுக்குத் தெரிவது அதற்கும் வெளியே நிற்கும் விளிம்பு. அது சுமார் மூன்று அங்குலம் பெரியது. 20 என்று எடுத்துக் கணக்குப் போட்டால் லாரி முழுவதும் எட்டில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும்.

நல்லவேளையாக 9.00-20 நம் ஊர் லாரிகளிலும் ஓடிய அளவுதான். கும்பகோணத்தில் பைபாஸ் ஓரமாக உள்ள ஏதாவது ஒரு டயர் ரீட்ரேடிங் கடைக்கு டேப்போடு போய் கேட்டுப் பாருங்கள், பழைய ரிம் ஒன்றை உருட்டிவந்து காட்டுவார்கள். விளிம்பிலிருந்து விளிம்பு வரை நீங்களே அளந்துவிட்டால் சந்தேகமே இருக்காது. டயர் முழு விட்டம் ஏறக்குறைய 40 அங்குலம், மாடலில் 29 மி.மீ.

இன்னொன்று. கிரேன், லாரியின் நடுக்கோட்டில் நிற்கிறது. சக்கரம் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதனால் சக்கரத்தை வைத்து கிரேனை அளந்தால் கிரேன் சிறிதாகத்தான் வரும். கிரேனுக்கு நேர் பின்பக்கப் போட்டோவைத் தனியாக எடுத்து, கிரேன் நிற்கும் இடத்தில் உள்ள பாடி அகலத்தை வைத்து அளங்கள்.

பொருள்கள்

சேஸிஸுக்கு ஒரு மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட். நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் சன்போர்டு வேண்டவே வேண்டாம். உள்ளே நுரை, ஓரம் நசுங்கும், ரிவெட் நிற்காது. ஷீட்டை ஆன்லைனில் வரவழைத்துக்கொள்ளுங்கள். ஒட்ட டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரியான நீர்த்த பிளாஸ்டிக் பசைதான். ஃபெவிக்விக் உலோகத்தையும் கம்பியையும் ஒட்ட மட்டும். ஷீட்டை அதில் ஒட்டினால் பிறகு ஒரு தட்டுக்கே விட்டுப்போகும். இடைவெளி நிரப்ப எம்-சீல் போதும். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

பின்னால் இரட்டை டயர் என்பதால் மொத்தம் பத்து டயர் வேண்டும். ஒன்றை நன்றாகச் செய்து, சிலிகான் அச்சு எடுத்து ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள்.

கிரேனும் கயிறும்

இந்த கிரேனுக்கு இரண்டு கைகள், ஒவ்வொன்றும் ஐந்து டன் தாங்கும். இரண்டையும் ஒன்றாகப் பின்னோக்கி வைத்து பத்து டன் தூக்கலாம். பக்கத்துப் பள்ளத்திலிருந்து இழுக்கும்போது ஒரு கையை அந்தப் பக்கம் திருப்பி, மற்றதை எதிர்ப்பக்கம் திருப்பி மரத்திலோ தரையில் அறைந்த முளையிலோ கட்டிவிடுவார்கள். இல்லையென்றால் லாரியே கவிழும். உங்கள் மாடலில் ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் திருப்பி எடை தூக்கவைத்தால், எதிர்ப்பக்கக் கயிறும் கட்டாயம் வேண்டும். அந்த வேலையைத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கயிற்றுக்கு நூல் சரிவராது. பஞ்சுப் பிசிறு நிற்கும், தொய்வும் கம்பிக்கயிறு போல விழாது. அரை அங்குலக் கயிறு 1:35-இல் 0.36 மி.மீ. மோட்டார் வைண்டிங் கடையில் 40 கேஜ் தாமிரக் கம்பி கேளுங்கள். ஒரு கம்பி 0.12 மி.மீ. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு கம்பியை முறுக்கினால் சரியாக மூன்று மடங்கு தடிமன் வரும். நிஜக் கயிறும் நடுக்கருவைச் சுற்றி ஆறு புரிதான்.

முறுக்கும் விதம் இது. அட்டை வட்டத்தில் நடுவே ஒரு துளை, சுற்றி ஆறு துளை. ஏழு கம்பியையும் அதில் கோத்து, ஒரு முனையை டிரில்லில் பிடித்து, மறுமுனையை ஆணியில் கட்டுங்கள். அட்டையை டிரில்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றவிட்டு, முறுக்கு ஏற ஏற அட்டையைப் பின்னுக்கு நகர்த்துங்கள். கம்பி தளர்ந்தால் புரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும்; இழுப்பு குறையவே கூடாது.

பெயிண்ட்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் பெயிண்ட் அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பச்சை நிறம் வெண்சாம்பலாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் அறுக்கும் வேலை, ஒட்டும் வேலை. பெயிண்ட் தைக்குப் பிறகு. நிறத்துக்கு டாமியா எக்ஸ்.எஃப்-62 (ராணுவ ஆலிவ் பச்சை), அதில் கொஞ்சம் வெளிர் மஞ்சள்.

சேற்றுக்கு ஆற்று மணலைப் போடாதீர்கள். அரை மி.மீ. மணல் இந்த அளவில் 17 மி.மீ. ஜல்லி. வயல் வண்டலைக் காயவைத்து, பழைய இரும்புச் சட்டியில் வறுத்து, வேட்டித் துணியில் சலித்தால் மாவு போல் இறங்கும். அதை அப்படியே பூசாமல், உங்கள் போட்டோ எடுத்த ஊரின் மண் நிறத்துக்குப் பிக்மென்ட் (நிறப்பொடி) கலந்துகொள்ளுங்கள். பிரான்சின் நார்மண்டியில் நின்ற லாரியில் நம் கருவண்டல் ஒட்டியிருக்காது.

பிற்சேர்க்கை 1: கயிற்றின் முறுக்குத் திசை மாறி வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரியான கேள்வி. பெரும்பாலான கம்பிக்கயிறுகள் வலப்புரி. கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்தால் புரிகள் கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏற வேண்டும். டிரில்லை வழக்கமான திசையில் ஓட்டினால் இடப்புரிதான் கிடைக்கும். ரிவர்ஸில் போட்டு முறுக்குங்கள்.

பிற்சேர்க்கை 2: நம் ராணுவ வண்டியைச் செய்ய முடியாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முடியும். பொதுத்துறை நிறுவனமான பெமல் தயாரித்த டாட்ரா எட்டுச் சக்கர லாரி மேல் ரெக்கவரி வண்டி இருக்கிறது. ராணுவ முகாம் பக்கம் கேமராவோடு போகாதீர்கள். குடியரசு தின அணிவகுப்புப் படங்களும் நிறுவனம் வெளியிட்ட படங்களும் போதும். ஒரே எச்சரிக்கை: டாட்ராவுக்கு ஏணி மாதிரி சேஸிஸ் கிடையாது, நடுவில் ஒரு தடித்த குழாய்தான். அச்சுகள் அதிலிருந்து இருபக்கமும் தனித்தனியாக ஆடும். பாரமில்லாத போட்டோவில் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்வாங்கி, தலைப்பக்கம் வெளியே சாய்ந்திருக்கும். எவ்வளவு சாய்வு என்பதை உங்கள் போட்டோவில் அளந்த பிறகுதான் அச்சை ஒட்ட வேண்டும்.