நில வழக்கில் விடுபட்டவரைத் தரப்பினராகச் சேர்ப்பது எப்படி?

விளம்புகையோ (சொத்தில் உரிமை உண்டு என்ற நீதிமன்ற அறிவிப்பு) பாகப்பிரிவினையோ கேட்டு வழக்குப் போட்ட பிறகுதான், சொத்தில் உரிமை உள்ள ஒருவர் பிராதில் (வழக்கு மனுவில்) விடுபட்டது பல நேரம் தெரியவரும். ‘அவசியத் தரப்பினர் சேர்க்கப்படவில்லை’ என்று பிரதிவாதியின் எதிருரையில் இருந்தால், எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று விட்டுவிடாதீர்கள். தரப்பினரைச் சேர்த்ததில் உள்ள குறைக்காக மட்டும் வழக்கைத் தள்ளக்கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 9. அவசியத் தரப்பினரை விட்டவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

யார் இல்லாமல் செல்லுபடியாகும் தீர்ப்பாணையே தர முடியாதோ, அவர் அவசியத் தரப்பினர். பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் ஒவ்வொருவரும் அப்படித்தான். அதிகம் விடுபடுவது கட்டிக்கொடுத்த பெண்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் சொல்கிறது. அப்போது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கிவிட்டது. ஏற்றதை ஆற்றுகை வழக்கு, அதாவது ஒப்பந்தப்படி கிரையம் செய்துதரக் கேட்கும் வழக்கு, வேறு மாதிரி. கிரைய ஒப்பந்தத்தில் சம்பந்தப்படாமல், நிலம் தன்னுடையது என்று தனி உரிமை கொண்டாடுபவரை அதில் சேர்க்க முடியாது என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் தனி வழக்குதான் போட வேண்டும்.

யார் விடுபட்டார் என்று பார்க்க, தாய்ப் பத்திரத் தேதியிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகமும் அதில் தெரியாது. எனவே வாரிசுச் சான்றையும் பட்டாவையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

மனு, அதே நீதிமன்றத்தில் அதே வழக்கு எண்ணின் கீழ் ஐ.ஏ.வாக (இடைக்கால மனுவாக), கட்டளை 1 விதி 10(2)-ன்படி தாக்கலாகும். வாதி, பிரதிவாதி, வெளியே இருக்கும் உரிமையாளர் என யாரும் போடலாம். நீதிமன்றம் தானாகவும் சேர்க்கலாம். ஒருவரை வாதியாகச் சேர்க்க அவர் சம்மதம் வேண்டும். சம்மதிக்காத பங்குதாரரைப் பிரதிவாதியாகக் கொண்டுவாருங்கள்.

மனுவின் பலம் அதோடு போடும் அபிடவிட்டில்தான் (பிரமாண வாக்குமூலத்தில்) இருக்கிறது. ‘இவர் அவசியத் தரப்பினர்’ என்று மட்டும் எழுதிய அபிடவிட் நிற்காது. இப்படி எழுத வேண்டும்: ‘தாவா சொத்தின் அசல் உரிமையாளருக்கு இரண்டு மகன்களும் ஒரு மகளும் வாரிசுகள். மகள் காலமாகிவிட்டார், அவருடைய மகனான உத்தேச 4-ம் பிரதிவாதிக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. அவர் இல்லாமல் பங்கு நிர்ணயிக்க இயலாது.’ அதோடு, அவர் விடுபட்டது எப்படி, எப்போது தெரியவந்தது, ஏன் இப்போது மனு என்பதைத் தேதியோடு சொல்லி, பத்திர நகல்களை இணையுங்கள். வழக்கின் எந்த நிலையிலும் சேர்க்கலாம் என்பது சட்டம். ஆனாலும் வாதம் முடியும் தறுவாயில் வரும் மனுவை இழுத்தடிப்பு என்றே நீதிமன்றம் பார்க்கும்.

பலர் சறுக்குவது காலவரையறையில். 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 21-ன்படி, புதியவரைப் பொறுத்தவரை அவரைச் சேர்த்த நாளில்தான் வழக்கு தொடங்கியதாகக் கணக்கு. விளம்புகைக்கு மூன்று ஆண்டு, உரிமை அடிப்படையில் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு. இடையில் அது கடந்திருந்தால் அவருக்கு எதிரான பரிகாரம் போய்விடும். நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறால் விடுபட்டிருந்தால், முந்தைய தேதியிலேயே தொடங்கியதாகக் கருத நீதிமன்றம் உத்தரவிடலாம். அதை அபிடவிட்டிலும் கோரிக்கையிலும் வெளிப்படையாகக் கேளுங்கள்.

மனு அனுமதியானதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிராதில் புதியவரின் பெயரை ஏற்றினால் மட்டும் போதாது. அவருக்கும் வழக்குக்கும் உள்ள தொடர்பை ஒரு பத்தியில் எழுதி, அவர்மீது பரிகாரம் வேண்டுமானால் கோரிக்கையையும் திருத்த வேண்டும். இதற்குக் கட்டளை 6 விதி 17-ல் மனுவைச் சேர்த்தே போடுவது நல்லது. உத்தரவில் கெடு குறிக்காவிட்டால் 14 நாளுக்குள் திருத்தத்தைச் செய்துவிட வேண்டும். பிறகு திருத்திய பிராதின் நகலோடு பேட்டா (சம்மன் சார்வு செய்வதற்கான கட்டணம்) கட்டிச் சம்மன் அனுப்புங்கள். முகவரி தப்பாக இருந்து சம்மன் திரும்பினால் வாய்தா மேல் வாய்தாவாகப் போகும். சம்மன் கிடைத்தவர் 30 நாளில் எதிருரை போட வேண்டும். அவகாசம் 90 நாள்வரை நீட்டிக்கப்படலாம்.

இந்த விதி பொருந்தாத இடங்களும் உண்டு. வழக்கு நடக்கும்போது தரப்பினர் இறந்தால் கட்டளை 22-ல் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும்; கெடு 90 நாள். தவறினால், உரிமை மற்றத் தரப்பினரிடம் மட்டுமே தொடராத நிலையில், இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள். வழக்குக்கிடையே நிலத்தை வாங்கியவர் கட்டளை 22 விதி 10-ல் வருவார். சேராவிட்டாலும் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி தீர்ப்பு அவரைக் கட்டும். அரசைச் சேர்ப்பதென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-ல் இரண்டு மாத அறிவிப்பையும், மைனர் என்றால் காப்பாளர் நியமன மனுவையும் மறந்துவிட வேண்டாம்.

மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு கிடையாது. அரசியலமைப்பின் 227-வது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். அங்கே தடையுத்தரவு வாங்காதவரை கீழ் நீதிமன்ற விசாரணை தொடரும் என்பதால், உத்தரவு நகலுக்கு அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.