மைனஸ் குளிரில் காரை எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஜனவரி மாதத்தில் கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவின் எந்தத் தெருவிலும் காலை ஆறு மணிக்கு இதைப் பார்க்கலாம். வீட்டுக் கதவு திறக்கும். சாரத்துக்கு மேலே குளிர் ஜாக்கெட் மாட்டிய ஒருவர் ஓடிவந்து காரை ஸ்டார்ட் செய்வார். ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு, வந்த வேகத்திலேயே உள்ளே ஓடிவிடுவார். கார் இருபது நிமிடம் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு தனியே நிற்கும். அவர் தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளை எழுப்பி, சாப்பாட்டுப் பெட்டி கட்டி முடித்து வரும்போது காருக்குள் இதமாக இருக்கும். பல வருடம் நானும் அப்படித்தான் ஓடிவந்தேன்.

"எஞ்சின் சூடாகாமல் எடுத்தால் பழுதாகிப் போகும்" என்று வந்த புதிதில் எல்லாரும் சொல்லித் தருவார்கள். காற்றையும் பெற்றோலையும் கலந்துவிடும் பழைய கருவியான கார்புரேட்டர் இருந்த காலத்தில் அது சரிதான். குளிரில் காற்றும் பெற்றோலும் சரியாகக் கலக்காது. உடனே எடுத்தால் வண்டி நடுத்தெருவில் இருமி நின்றுவிடும். ஆனால் 1990களிலிருந்து விற்பனைக்கு வந்த கார்களில் பெற்றோலை அளந்து தெளிப்பது கணினி. வெளிக் குளிரையும் எஞ்சினின் சூட்டையும் சென்சார் பார்த்துச் சொல்ல, அது தன்பாட்டில் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஒயில் எஞ்சின் முழுக்கப் பரவ 30 வினாடியிலிருந்து ஒரு நிமிடம் போதும். அதன்பிறகு மெதுவாக எடுத்து, முதல் ஐந்து பத்து நிமிடம் அக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டினால் சரி.

நின்ற இடத்தில் சூடேற்றுவதால் எஞ்சினுக்கு நன்மை இல்லாததோடு கெடுதலும் உண்டு. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி பெற்றோலை அதிகமாகவே விடும். எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலோடு கலந்து அதை நீர்க்க வைக்கும். நிற்கும் எஞ்சின் ஓடும் எஞ்சினைவிட மிக மெதுவாகத்தான் சூடாகும் என்பதால் இந்தக் கழுவல் நெடுநேரம் நடக்கிறது. கியர் பெட்டியும் ரயரும் எவ்வளவு நேரம் நின்றாலும் அவ்வளவாகச் சூடாகப் போவதில்லை. அவை ஓடினால்தான் சூடாகும். ஆக இருபது நிமிடம் நிற்க வைப்பது நம்முடைய முதுகுக்காகத்தான், எஞ்சினுக்காக இல்லை. ரொறன்ரோ நகரச் சட்டமும் 60 நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியைச் சும்மா இயங்க விடக்கூடாது என்கிறது. அதை யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

எஞ்சினுக்கு ஒரு நிமிடம் என்றால் கண்ணாடிக்கும் அதே கணக்கு என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. கண்ணாடி கேட்பது வேறு. அதற்கு நம் கையும் ஐந்து நிமிடமும் வேண்டும்.

என் முதல் குளிர்காலத்தில் வேலைக்குப் பிந்திவிட்டது என்று கேத்திலில் கொதித்த நீரை அப்படியே முன்கண்ணாடியில் ஊற்றினேன். நெடுஞ்சாலையில் கல் பட்டு மிளகளவு ஒரு வடு அதில் ஏற்கெனவே இருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். வடுவிலிருந்து ஒரு கோடு கண்ணாடியின் மறுபக்கம் வரை ஓடியது. நீர் பட்ட இடம் சட்டென விரியும், பக்கத்து இடம் குளிரில் இறுகியே இருக்கும். இரண்டும் இழுத்துக்கொள்ளும் இடத்தில் ஏற்கெனவே பலவீனம் இருந்தால் அங்கேதான் பிளக்கும். கண்ணாடி தப்பினாலும் நீர் சும்மா போகாது. வழிந்து வைப்பரின் அடியிலும் கதவு இடுக்கிலும் உறையும். மிச்சம் நிலத்தில் ஐஸாகி நம்மையே வழுக்கி விழுத்தும். வெதுவெதுப்பான நீர் என்றாலும் மைனஸ் 15இல் இதே கதைதான்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் அல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளிப்பு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். தெளித்து ஒரு நிமிடம் விட்டால் ஐஸ் இளகி, பிளாஸ்டிக் ஸ்கிறேப்பருக்கு லேசாக வரும். உலோகத்தால் சுரண்டாதீர்கள். வங்கி அட்டையாலும் வேண்டாம். குளிரில் அது முறிந்து இரண்டாகும். பின்கண்ணாடியின் உட்புறம் ஸ்கிறேப்பரே படக்கூடாது. அங்கே ஓடும் மெல்லிய கோடுகள் சூடேற்றும் கம்பிகள். ஒன்று அறுந்தால் அந்த வரி மட்டும் என்றைக்கும் உருகாமல் நிற்கும்.

வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பதும் முக்கியம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே புகைக்குழாயைப் பாருங்கள். ஸ்னோ அள்ளும் வண்டி தள்ளிவிட்ட குவியல் அதை அடைத்திருந்தால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும். மணமும் நிறமும் இல்லாத வாயு, ஆளைத் தூங்க வைத்துவிடும். பிறகு ஸ்டார்ட் செய்து, முன்கண்ணாடிக் காற்றையும் பின்கண்ணாடிச் சூட்டையும் போட்டுவிட்டுக் கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கூரையை முடித்துவிட்டு வரும்போது முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு இளகத் தொடங்கியிருக்கும். கூரை ஸ்னோவை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களை நெடுஞ்சாலை 401இல் தினமும் பார்க்கலாம். அவர்கள் பிரேக் பிடித்தால் அது சரிந்து முன்கண்ணாடியை மூடும். வேகம் எடுத்தால் பலகை போலக் கிளம்பிப் பின்னால் வருபவர் மேல் போய் விழும்.

கார் கராஜுக்குள் நின்றால் கதவைத் திறந்து வைத்திருக்கிறேனே என்று உள்ளேயே ஓட விடாதீர்கள். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் வாயு அறைகளுக்குள் வரும். உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். வெளியில் சாவியோடு ஓட விட்டு உள்ளே போவதும் கள்வனுக்குக் கையில் கொடுப்பது மாதிரி. ரிமோட் ஸ்டார்ட்டர் இருந்தால் பரவாயில்லை, சாவி இல்லாமல் வண்டி நகராது. ஆனால் கராஜுக்குள் நிற்கும் காரை அந்த ரிமோட்டால் ஸ்டார்ட் செய்தால் மேலே சொன்ன ஆபத்து அப்படியே இருக்கிறது.

இனி, அதிகமானோர் பிழைவிடும் இடம்: உட்பக்க மூட்டம். வெளியே சுரண்டி முடித்து ஏறி உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் உள்ளே வெள்ளையாகிவிடும். கையால் துடைப்போம், மறுபடி வரும். பெரும்பாலும் காரணம் ஒரு பொத்தான்: காருக்குள் வளையும் அம்புக்குறி போட்டது. அது எரிந்தால் உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வருகிறது என்று பொருள். நாம் விடும் மூச்சு, சப்பாத்தில் ஒட்டிவந்த ஸ்னோ, நனைந்த ஜாக்கெட், எல்லாவற்றின் ஈரமும் அந்தக் காற்றிலே சேர்ந்து குளிர்ந்த கண்ணாடியில் படியும். வெளிக் காற்று குளிரென்று பயந்து பலர் அதை அடைக்கிறார்கள். ஆனால் குளிர்க் காற்றைப்போல உலர்ந்த காற்று கிடையாது. 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 17 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். மைனஸ் 10இல் 2 கிராம் சொச்சம்தான். அந்தக் காற்றை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் அது தாகமெடுத்த துணிபோலக் கண்ணாடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அம்புக்குறியை அணையுங்கள், சூட்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், ஏசியையும் போடுங்கள். குளிர்காலத்தில் ஏசியா என்று என் மாமாவும் சிரித்தார். அது காற்றிலிருந்து நீரைப் பிழிந்தெடுக்கிறது, அதனால்தான் பல கார்களில் டிஃப்ரோஸ்ட் பொத்தானை அமுக்கினாலே ஏசியும் சேர்ந்து ஓடும். கடும் குளிரில் மட்டும் அது தானாக நின்றுவிடும். அப்போது வெளிக் காற்றே போதும்.

வைப்பர் பற்றிச் சுருக்கமாக: ஐஸில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதை இயக்கினால் ரப்பர் கிழியும், அல்லது மோட்டார் எரியும். மாலையில் வண்டியை நிறுத்தும்போதே அணைத்துவிட்டால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் தானாக இழுபடாது. வாஷர் தாங்கியில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், உறைந்து தாங்கி வெடிக்கலாம். மைனஸ் 35 அல்லது 40 என்று போத்தலில் போட்டிருக்கும் குளிர்காலத் திரவத்தையே வாங்குங்கள்.

வினிபெக், எட்மன்ரன் போன்ற இன்னும் குளிரான நகரங்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மைனஸ் 20க்குக் கீழே போனால் எஞ்சினை மின்சாரத்தால் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டர் நிஜமாகவே தேவை, ஆனால் இரவு முழுக்கச் செருகி வைப்பது மின்கட்டணத்துக்குக் கேடு. டைமர் வைத்துப் புறப்பட இரண்டு மணி நேரத்துக்கு முன் ஓட விட்டால் போதும். காலையில் வயரைக் கழற்ற மறந்து இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

மூட்டத்தைக் குறைக்கும் வேலை முந்தைய மாலையே தொடங்குகிறது. ஏறும்போது இரண்டு சப்பாத்தையும் தட்டிவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது ரப்பர் விரிப்பில் தேங்கிய நீரை வெளியே கொட்டி, கதவுகளை அரை நிமிடம் திறந்து வைத்து உள்ளிருக்கும் ஈரக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பூட்டுங்கள்.