விரைவுச்சாலை மறுகட்டுமானத்தைத் திட்டமிடும் முறை

பழைய விரைவுச்சாலையைப் பெயர்த்தெடுத்துப் புதிதாக அமைக்க வரைபடம் போடத் தொடங்கும் முன், அது ஏன் கெட்டது என்பதைக் கண்டறிய வேண்டும். காரணம் தெரியாமல் கட்டினால், சில ஆண்டுகளில் அதே இடத்தில் அதே வெடிப்பு மீண்டும் தோன்றும். தார்ச்சாலையில் துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரிகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். வெடிப்பு மேற்பரப்போடு நின்றிருந்தால் மேலடுக்கைச் சுரண்டி மாற்றுவதே போதுமானதாக இருக்கலாம். அடியிலிருந்து மேலேறியிருந்தால், அடுக்குகள் பளுவைத் தாங்காமல் தளர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று வந்தால், நீர் புகுந்திருக்கிறதா என்று அவசியம் ஆராய வேண்டும். வடிகாலைச் சீர்செய்யாமல் தடிமனை மட்டும் கூட்டுவது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

அடுத்தது பளு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட விதிப்படி, அச்சுப்பளு, அதாவது வண்டியின் ஒரு சக்கர அச்சு சாலையின் மேல் ஏற்றும் எடை, இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. ஆகவே தடிமனைக் கணக்கிட, மொத்த வாகன எண்ணிக்கையைவிடக் கனரக வாகனங்களின் எண்ணிக்கையும் அவற்றின் அச்சுப்பளுவுமே முக்கியம்.

எனினும், பணி நடக்கும்போது போக்குவரத்து எங்கே ஓடும் என்ற கேள்வியே வடிவமைப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இதை ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று கடைசிவரை தள்ளிப்போடக் கூடாது. இரு திசை வாகனங்களையும் ஒரு பக்கத்துக்கு மாற்றிவிட்டு மறுபக்கத்தைக் கட்டுவது வழக்கமான முறை. அப்போது வாகனங்கள் சாலையோரப் பகுதியின் மேலும் ஓட நேரும். அப்பகுதி பெரும்பாலும் மெல்லிய அடுக்குகளால் ஆனது என்பதால், அதை முன்கூட்டியே வலுப்படுத்தும் செலவை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். தற்காலிகக் கான்கிரீட் தடுப்புகள் மழைநீரை மறித்து, வண்டி ஓடும் தடத்திலேயே தேங்கவைக்கும் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் நீர் வெளியேறும் வழியைத் தனியே வரைய வேண்டும்.

பாலங்களைப் பாதி பாதியாக இடித்துக் கட்டுவதாயின், பிரிக்கும் கோடு எந்த உத்திரங்களுக்கு இடையே விழுகிறது என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். பழைய பாதியும் புதிய பாதியும் சில மாதங்களாவது தனித்தனியே நின்று முழுப் போக்குவரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு இறங்குவழிகளை ஒரே கட்டத்தில் மூடக் கூடாது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழையும் இடங்களை ஒவ்வொரு கட்ட வரைபடத்திலும் குறித்து, அந்தச் சேவைகளை நடத்துவோரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும்.